கோயிலுக்குப் போற நமக்கு நல்ல அறை எதுக்கு?

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், ராமேஸ்வரம் சுற்றுலாவை முன்னின்று நடத்திய குழுவின் ஊக்குநர் பேசியது. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தருகிறோம்.)



"சுற்றுலா போய் வந்ததைப் பற்றி பத்து நிமிஷம் பேசு"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. கோயிலைப் பற்றிப் பேசுறதுக்கு நான் படிச்சவ இல்லை. நான் பேசப் போறது நாங்க தங்கின அறையைப் பற்றி. சிரிக்கிறீங்க. எங்க ஊர்லயும் அப்படித்தான் சிரிச்சாங்க. "கோயிலுக்குப் போறவளுக்கு ஓட்டல் ரூமு கேக்குதா"ன்னு டீக்கடை வரைக்கும் பேச்சு. அதுக்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கேன். அதுக்கு முன்னாடி நான் செஞ்ச தப்பைச் சொல்லிடுறேன்.

2018-ல் மிச்சம் பிடிச்ச 4,500 ரூபாய்

2018 ஆடி அமாவாசைக்கு எங்க குழுவுல 18 பேர் வேன் எடுத்துக்கிட்டு ராமேஸ்வரம் போனோம். அப்பவும் நான்தான் ஊக்குநர். நாலு ரூம் எடுத்தா 4,500 ரூபாய் ஆகும்னு சொன்னாங்க. "ஒரு ராத்திரிக்கு எதுக்குங்க, வேன்லயே படுத்துக்கலாம், கடற்கரையில உக்காந்தா விடிஞ்சுடும்"னு சொன்னது நான். எல்லாரும் சரின்னாங்க. ஆளுக்கு 250 ரூபாய் மிச்சம் பண்ணிக் கொடுத்தேன்னு தீர்மானப் புத்தகத்துல பெருமையா எழுதியும் வச்சேன்.

எங்க குழுவுல ஒரு பெரியம்மா இருக்காங்க. ஆறு வருஷமா ராமேஸ்வரம், ராமேஸ்வரம்னு சொல்லிக்கிட்டே இருந்தவங்க. அவங்க வீட்டுக்காரர் போனதுக்கு அப்புறம் தீர்த்தமாடணும்னு ஒரு நேர்த்தி. ராத்திரி மூணு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அமாவாசைக் கூட்டம். கட்டணக் கழிப்பறையில வரிசை தெருவரைக்கும் நிக்குது. நாங்கல்லாம் இருட்டோட இருட்டா எங்கேயோ ஒதுங்கினோம். பெரியம்மாவுக்குக் கூச்சம். போகவே இல்லை. போகாம இருக்கணும்னு முதல் நாள் சாயங்காலத்துலேருந்து தண்ணியும் குடிக்கலைங்கிறது எங்களுக்குத் தெரியாது.

கடல்ல முழுகி, ஈரத்தோட கோயிலுக்குள்ள தீர்த்தக் கிணத்து வரிசையில நிக்கும்போது மயங்கி விழுந்துட்டாங்க. அவங்க ஆடினது 22 தீர்த்தத்துல நாலே நாலு. சாமி பார்க்காமலே திரும்பினோம். ஊருக்கு வந்த மூணாம் நாள் குளிர் காய்ச்சல், அடிவயித்து வலி, நீர் போனா எரிச்சல். ஆஸ்பத்திரியில அஞ்சு நாள். "தண்ணி குடிக்காம, சிறுநீரை அடக்கி அடக்கி வச்சதுல கிருமி பெருகிப் போச்சு. இன்னும் தள்ளிப் போட்டிருந்தா சிறுநீரகத்தையே பாதிச்சிருக்கும்"னு டாக்டரம்மா சொன்னாங்க. நான் மிச்சம் பிடிச்சதைவிட, அவங்க மகன் மருந்துக்கும் ஆட்டோவுக்கும் செலவு பண்ணினது அதிகம். அவருக்குப் போன கூலியைக் கணக்குல சேர்க்கவே இல்லை.

பார்க்கப் போனப்ப பெரியம்மா என்னைத் திட்டியிருந்தா மனசு ஆறியிருக்கும். "நீ என்னம்மா பண்ணுவ, நான்தான் தண்ணி குடிக்கல"ன்னாங்க. அந்தப் பேச்சு இத்தனை வருஷமா எனக்குள்ளயே கிடக்கு. அதுக்கப்புறம் குழு எங்கே போனாலும் அவங்க வரலை. வேளாங்கண்ணிக்கும் வரலை, மதுரைக்கும் வரலை.

தங்க இடம் கொடுக்கிறதும் புண்ணியம்தான்

"அந்தக் காலத்துல நடந்தே போனாங்க, அவங்க என்ன ரூமா கேட்டாங்க"ன்னு சொல்றவங்க உண்டு. அவங்களுக்கு நம்ம ஜில்லாவிலேயே பதில் இருக்கு. ஒரத்தநாடு பக்கம் போறவங்க முத்தம்மாள் சத்திரத்தைப் பார்த்திருப்பீங்க. சுவர்ல யானையும் குதிரையும் செதுக்கின பெரிய கட்டடம். தஞ்சாவூர் ராஜா இரண்டாம் சரபோஜி 1800-ஐ ஒட்டிக் கட்டினது. ராஜாவுக்குப் பிரியமான முத்தம்மாள் பிரசவத்துல இறந்து போனதா சொல்வாங்க. அவங்க நினைவா நிக்குது.

ராமேஸ்வரம் போற பாதை நெடுக இந்த மாதிரி சத்திரங்கள் இருந்துச்சு. அவற்றில் நடக்கிற தருமத்தைப் பற்றி 1801-ல் சரபோஜி ராஜா கம்பெனி அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கார். வழிப்போக்கர் எல்லாருக்கும் சோறு போடுவாங்களாம். நடு ராத்திரி மணியடிச்சு "இன்னும் சாப்பிடாதவங்க யாராவது இருக்கீங்களா"ன்னு கூப்பிடுவாங்களாம். நோயாளிக்கு வைத்தியம் உண்டு. வழியில பிரசவ வலி கண்ட பொண்ணுங்களுக்கு வேண்டியதைச் செஞ்சு கவனிச்சிருக்காங்க.

பார்த்தீங்களா? யாத்திரை போறவங்க கஷ்டப்பட்டாத்தான் புண்ணியம்னு அன்னிக்கே யாரும் நினைக்கலை. படுக்க இடம், சோறு, வைத்தியம் இதையெல்லாம் கொடுக்கிறதே தருமம்னு நினைச்சாங்க. இன்னிக்கு அந்த மாதிரி சத்திரம் நமக்கு வழியெல்லாம் இல்லை. நம்ம சேமிப்புல நாமே ஒரு அறை எடுத்துக்கிறோம். இதுல ஆடம்பரம் எங்கே இருக்கு?

மாசம் 100 ரூபாய்

இந்தத் தடவை எங்க குழுவுல 15 பேர், பக்கத்துக் குழுவுல 9 பேர், ஆக 24 பேர். உள்கடனைத் தொடலை, வங்கிக் கடனைத் தொடலை. சுற்றுலாவுக்குன்னு தனியா மாசம் 100 ரூபாய், 15 மாசம் போட்டோம். தலைக்கு 1,500, மொத்தம் 36,000 ரூபாய். சந்தாவோட கலக்காம தனி நோட்டு, தனிக் கையெழுத்து.

கூட்டத்துல பெரியம்மாவையும் கூப்பிட்டு உட்கார வச்சோம். அவங்க கேட்டது ஒரே கேள்வி. "கக்கூஸ் எத்தனை பேருக்கு ஒண்ணும்மா?"

சகோதரிகளே, எந்த ஓட்டல் விளம்பரத்திலயும் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது. ஆனா நம்ம பொம்பளைங்க மனசுல முதல்ல வர்ற கேள்வி இதுதான். வெளியில கேட்க மாட்டோம். நான் அன்னிக்கே சொன்னேன்: "நாலு பேருக்கு ஒண்ணு பெரியம்மா. உள்ளே தாழ்ப்பாளோட." அவங்க பேரையும் எழுதிக்கச் சொன்னாங்க.

வீட்டுல எதிர்ப்பு இல்லாம இல்லை. என் வீட்டுக்காரரே, "ரூம் காசுல ரெண்டு மூட்டை உரம் வாங்கலாம்"னார். "நீங்க போன வருஷம் பழனி போனப்ப எங்கே தங்கினீங்க?"ன்னு கேட்டேன். லாட்ஜ்லதான். அப்புறம் பேச்சு இல்லை.

அறை பிடிச்ச கதை

அமாவாசைக்குப் போகணும்னு பாதிப் பேர், சாதாரண நாள்ல போகலாம்னு பாதிப் பேர். ஆடி, புரட்டாசி, தை அமாவாசைன்னா ராமேஸ்வரத்துல கால் வைக்க இடமிருக்காது. வாடகையும் ஏறிப் போயிடும். அந்த நாள்ல திதி கொடுக்க வேண்டியவங்க குடும்பத்தோட தனியா போய்க்கட்டும், தீர்த்தம் எந்த நாளும் ஆடலாம்னு பேசி முடிச்சோம். செவ்வாய்க்கிழமை போய் புதன்கிழமை திரும்புறதுன்னு தீர்மானம்.

ராமேஸ்வரத்துல தங்க நாலு வகை இடம் இருக்கு. கோயில் தேவஸ்தான அறைகள். மடங்களும் சத்திரங்களும். கடற்கரையை ஒட்டி அரசு சுற்றுலாக் கழகத்தோட ஓட்டல் தமிழ்நாடு. அப்புறம் தனியார் லாட்ஜும் ஓட்டலும். தேவஸ்தானத்துலயும் அரசு ஓட்டல்லயும் ஒரே நேரத்துல ஆறு அறை வேணும்னா ரொம்ப முன்கூட்டியே பதிவு பண்ணணும். நாங்க பிந்திட்டோம். பஸ் ஸ்டாண்டுல வந்து "ரூம் வேணுமா"ன்னு பையைப் பிடிக்கிற ஆளை நம்பிப் போகவும் மனசு வரலை. அதனால பக்கத்துக் குழுப் பிரதிநிதி தங்கச்சியோட மக போன்ல பார்த்துக் கொடுத்த தனியார் ஓட்டல்கள் ஏழுக்குப் பேசினேன்.

முதல் ரெண்டு போன்ல எனக்கு நாக்கு எழலை. "ரூம் இருக்கா, எவ்வளவு" அவ்வளவுதான் கேட்டேன். மூணாவதுலேருந்து தாள்ல எழுதி வச்சுக்கிட்டுக் கேட்டேன். கோயில் கிழக்கு வாசலுக்கு நடந்து எத்தனை நிமிஷம்? லிப்ட் இருக்கா? சுடுதண்ணி எந்த நேரம் வரும்? இந்தியன் கழிப்பறையா, உட்காரும் வகையா? எங்க டிரைவர் படுக்க இடம் உண்டா?

இன்னொண்ணு முக்கியம். இருபத்து நாலு மணி நேர வாடகையா, இல்லே மதியம் 12 மணிக்குக் காலி பண்ணணுமான்னு கேட்கணும். இது தெரியாமத்தான் நிறையப் பேர் ஏமாறுறாங்க. 12 மணிக் கணக்கு இருக்கிற இடத்துல விடியக்காலம் மூணு மணிக்குப் போய் இறங்கினா, அன்னிக்கு மதியத்தோட ஒரு நாள் வாடகை முடிஞ்சு போகும். அதுக்கு மேல இருந்தா ரெண்டாவது நாள் வாடகை. இருபத்து நாலு மணி நேரக் கணக்குன்னா, நாம உள்ளே போன நேரத்துலேருந்து மறுநாள் அதே நேரம் வரைக்கும். நாங்க அப்படி ஒரு ஓட்டலைப் பிடிச்சோம். நாலு பேர் படுக்கிற அறை 2,200 ரூபாய், ஆறு அறை. 5,000 ரூபாய் முன்பணம் அனுப்பி, "அறை ஆறு, வாடகை 2,200, இந்தத் தேதி"ன்னு அவங்க கையாலேயே வாட்ஸ்அப்புல பதில் வாங்கிக்கிட்டேன்.

மேஜைக்கு முன்னாடி 24 பேர்

காலையில எட்டு மணிக்குக் கிளம்பி கடற்கரைச் சாலையில போனோம். பாம்பன் பாலத்துல வேனை மெதுவா ஓட்டச் சொல்லி, 2025 ஏப்ரல்ல திறந்த புது ரயில் பாலத்தைப் பார்த்தோம். கப்பல் வந்தா நடுப்பகுதி அப்படியே மேலே தூக்கும்னு டிரைவர் தம்பி சொன்னார். மதியம் ஒரு மணிக்கு ஓட்டல்.

கண்ணாடிக் கதவு, வழுவழுன்னு தரை. நம்ம ஆளுங்க செருப்பைக் கழட்டி வெளியிலேயே விட்டுட்டாங்க. மேஜையில இருந்தவர் எங்களை மேலேயும் கீழேயும் பார்த்துட்டு, "வடநாட்டுக் கூட்டம் வந்திருக்கு, இன்னிக்கு ரேட் 2,800"ன்னார். ஆறு அறைக்கு 3,600 ரூபாய் அதிகம். எனக்குக் கை கால் உதறுது. பணம் இல்லாம இல்லை. எங்களைப் பார்த்ததும் இவங்களுக்குப் பேசத் தெரியாதுன்னு அவர் முடிவு பண்ணிட்டார்னு தோணிச்சு.

வங்கி மேனேஜர் முன்னாடி உட்கார்ந்து கடன் கேட்டுப் பழகினவங்க நாம. போனை எடுத்து அவங்க அனுப்பின பதிலைக் காட்டினேன். "முன்பணம் வாங்கும்போது சொன்ன வாடகைதாங்க தருவோம். இல்லைன்னா 2,800-ன்னு உங்க லெட்டர்பேடுல எழுதி முத்திரை வச்சுக் கொடுங்க. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிட்டு வர்றோம்"னேன். சத்தம் போடலை. பின்னாடி 23 பேர் பேசாம நின்னாங்க. அவர் உள்ளே போய் யார்கிட்டயோ பேசிட்டு வந்தார். 2,200-க்கே பில் போட்டார். பில்லுல வரி 5 சதவீதம். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல போகாத அறைக்கு முன்னே 12 சதவீதம் இருந்துச்சு, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். பில் கொடுக்காம வரி மட்டும் கேட்டா கொடுக்காதீங்க.

ஆதார் நகல் கேட்பாங்க. அதுல தேதியும் "தங்குவதற்காக மட்டும்"னும் குறுக்கே எழுதிக் கொடுத்தோம். இதுவும் குழுவுல கத்துக்கிட்டதுதான்.

உள்பக்கம் தாழ்ப்பாள்

அறை எப்படி இருந்துச்சுன்னு கேட்கிறீங்க. பெரிய மாளிகை எல்லாம் இல்லை. ரெண்டு பெரிய கட்டில், வெள்ளை விரிப்பு, ஏசி, ஒரு ஜன்னல், சுத்தமான குளியலறை. முதல்ல கதவுத் தாழ்ப்பாள், குளியலறைத் தாழ்ப்பாள், ஜன்னல் திரை மூணையும் பார்த்தோம். ஒரு அறையில குளியலறைத் தாழ்ப்பாள் விழலை. உடனே சொல்லி வேற அறை மாத்திக்கிட்டோம். இந்த மாதிரி கேட்கிறதுக்குக் கூச்சப்படக் கூடாது.

எல்லாம் சௌகரியமா இருந்துச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஏசி ரெண்டு பேருக்கு ஒத்துக்கலை, நிறுத்திட்டுக் காத்தாடி போட்டுக்கிட்டாங்க. உட்காரும் கழிப்பறை சிலருக்குப் பழக்கமில்லை. ஆனா முட்டிவலிக்காரங்களுக்கு அதுதான் வரமா இருந்துச்சு. ஈரப் புடவையை நடைபாதைக் கம்பியில காயப் போட்டு, தண்ணி சொட்டி வழுக்கி, ஓட்டல்காரங்க சத்தம் போட்டாங்க. அது எங்க தப்பு. மொட்டைமாடியில கொடி இருக்கான்னு முதல்லயே கேட்டிருக்கணும்.

ராத்திரி பெரியம்மா எங்க அறையில. ஒரு செம்பு தண்ணியை எடுத்து எனக்கு முன்னாடியே குடிச்சாங்க. குடிச்சுட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

எங்களோட ஒரு தங்கச்சிக்கு அன்னிக்கு ராத்திரி மாதவிலக்கு வந்துடுச்சு. கோயிலுக்கு வரலைன்னு அவளாவே முடிவு பண்ணினா. அது அவ இஷ்டம், யாரும் எதுவும் சொல்லலை. ஆனா வேன்ல போயிருந்தா அந்தப் பொண்ணு என்ன பாடு பட்டிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. இங்கே தண்ணி இருக்கு, கதவு இருக்கு, படுக்கை இருக்கு. எங்க பைக்கெல்லாம் காவலா டி.வி. பார்த்துக்கிட்டு இருந்தா.

எனக்கு விடியக்காலம் நாலு மணிக்கு முழிப்பு வந்துடுச்சு, பழக்கம். எழுந்து உட்கார்ந்தேன். மாடு கறக்க வேண்டாம், வாசல் தெளிக்க வேண்டாம், டீ போட வேண்டாம். என்ன பண்றதுன்னு தெரியலை. திரும்பப் படுத்துக்கிட்டேன். கல்யாணமாகி 23 வருஷத்துல, உடம்பு நல்லா இருக்கும்போது விடிஞ்சும் படுத்திருந்தது அன்னிக்கு ஒரு நாள்தான்.

22 தீர்த்தமும் ஆடினாங்க

கோயில் கிழக்கு வாசல்லேருந்து ஓட்டல் ஏழு நிமிஷ நடை. அதனால ஆறு பேர் விடியக்காலம் அஞ்சு மணிக்கே போய் ஸ்படிக லிங்க தரிசனம் பார்த்துட்டு வந்துட்டாங்க. அப்புறம் எல்லாருமா அக்னி தீர்த்தம். அது கடல்தான். அதுல முழுகிட்டு, சீட்டு வாங்கி, கோயிலுக்குள்ள இருக்கிற 22 தீர்த்தத்துக்கும் வரிசையா போகணும். ஒவ்வொரு கிணத்துலயும் வாளியால இறைச்சுத் தலையில ஊத்துவாங்க. தரை பூரா ஈரம், வழுக்கும். வயசானவங்களைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போகணும்.

ஈரத் துணியோட சந்நிதிக்குப் போக விட மாட்டாங்க. உடை மாத்த அங்கேயே இடம் இருக்கு, ஆனா கூட்டத்துல நெரிசல்தான். நாங்க நேரா அறைக்கு வந்தோம். சுடுதண்ணியில உப்பைக் கழுவிட்டு, காஞ்ச புடவை கட்டி, இட்லி சாப்பிட்டு, நிதானமா தரிசனத்துக்குப் போனோம். கோயிலுக்குள்ள செல்போனுக்கு அனுமதி இல்லை. அதையும் அறையிலேயே பூட்டி வச்சுட்டோம். மூணாம் பிரகாரத்துல அந்தத் தூண் வரிசையைப் பார்த்துக்கிட்டு அவசரமில்லாம நடந்தோம். 2018-லயும் அங்கேதான் போயிருந்தேன். அந்தத் தூண் எதுவும் எனக்கு ஞாபகத்துல இல்லை. எங்கே ஒதுங்கறதுங்கிற கவலையில என்ன தெரியும்?

பெரியம்மா 22 தீர்த்தமும் ஆடி, ராமநாதசாமியையும் பர்வதவர்த்தினி அம்பாளையும் பார்த்தாங்க. வெளியே வந்து, "உங்க பெரியப்பாகிட்ட சொல்லிட்டேன்"னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க.

அறை கூட்டின அக்கா

அறையைச் சுத்தம் பண்ண ஒரு அக்கா வந்தாங்க. பக்கத்துக் கிராமம். அவங்களும் குழு உறுப்பினர்தான், பேச்சுக் கொடுத்ததுல தெரிஞ்சது. ஒரு நாளைக்குப் பதினாலு அறை கூட்டி, கழிப்பறை கழுவி, விரிப்பு மாத்தணுமாம். "இந்தக் கட்டில்ல ஒரு நாளாவது படுத்திருக்கீங்களா"ன்னு எங்க ஆள் ஒருத்தி விளையாட்டாக் கேட்டுட்டா. "விரிக்கத்தான் தெரியும்"னாங்க.

அதைக் கேட்டதும் எங்களுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நமக்குக் கிடைச்ச சௌகரியத்துக்குப் பின்னாடியும் நம்மள மாதிரி ஒருத்தியோட முதுகுவலிதான் இருக்கு. கிளம்பும்போது ஆறு அறையிலயும் குப்பையை ஒரே பையில கட்டி, மணலைக் கூட்டி, ஈர விரிப்பைத் தனியா வச்சுட்டு வந்தோம். மிச்சப் பணத்துல அவங்களுக்கு ஒரு தொகையும் கொடுத்தோம். காசு கொடுத்துட்டோம்கிறதுக்காக அறையை நாசம் பண்ணிட்டு வர்றது நம்ம குழுவுக்கு அழகு இல்லை.

கணக்கு

கணக்கு சொல்லாம பேச்சை முடிச்சா பொருளாளர் அக்கா விட மாட்டாங்க. அறை வாடகை 13,200, வரி 660, ஆக 13,860. வேன் 14,500. ரெண்டு நாள் சாப்பாடு 5,400. தீர்த்தச் சீட்டு, வாகன நிறுத்தம், அறை கூட்டின அக்காவுக்குக் கொடுத்தது எல்லாம் சேர்த்து 1,240. மொத்தம் 35,000. மிச்சம் 1,000 ரூபாய், அடுத்த சுற்றுலா நோட்டுல வரவு வச்சாச்சு. அறைக்கு மட்டும் ஒரு ஆளுக்கு 577 ரூபாய் 50 காசு. மாசத்துக்குப் பிரிச்சா 40 ரூபாய்கூட இல்லை.

எல்லாக் கோயிலுக்கும் அறை எடுக்கணும்னு சொல்ல வரலை. காலையில போய் சாயங்காலம் திரும்புற ஊருக்கு எதுக்கு? முடியாதவங்க கடன் வாங்கி எடுக்க வேண்டாம். தேவஸ்தான அறை கிடைச்சா அதைவிட நல்லது. ஆனா ராத்திரி தங்குற ஊருக்குப் போனா, கதவுக்குத் தாழ்ப்பாளும் தண்ணி வர்ற கழிப்பறையும் இருக்கிற இடம் செலவுப் பட்டியல்ல முதல் வரியா இருக்கணும். மிச்சம் இருந்தா மற்றது. நான் 2018-ல அதைத்தான் முதல்ல வெட்டினேன். அந்தத் தப்பை வேற எந்த ஊக்குநரும் பண்ணக் கூடாது.

அதனால இந்தப் பொதுக்குழுவுல ஒரு தீர்மானம் வைக்கிறேன். நம்ம கூட்டமைப்புல எந்தக் குழு சுற்றுலா போனாலும், இரவு தங்க பாதுகாப்பான இடம் முடிவான பிறகுதான் வேனுக்கு முன்பணம் கொடுக்கணும். புறப்படுறதுக்கு முந்தின கூட்டத்துல வயசானவங்க, கர்ப்பிணி, சர்க்கரை உள்ளவங்க ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் கேட்கணும்: உங்களுக்கு என்ன வேணும்? கூச்சத்துல சொல்லாதவங்க இருப்பாங்க. நாமதான் கேட்கணும்.

பெரியம்மா அதோ மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்காங்க. அடுத்து எங்கேம்மான்னு இப்பவே கேட்டுட்டாங்க.



(தீர்மானம் கைதட்டலுடன் ஏகமனதாக நிறைவேறியது. பேச்சாளர் தயாரித்துக் கொடுத்த கேள்வித் தாளைக் கீழே தருகிறோம். வெட்டி எடுத்துக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.)

அறை பதிவு செய்யும் முன் கேளுங்கள்

1. கோயிலுக்கு நடந்து போக எத்தனை நிமிடம்?
2. ஒரு அறையில் எத்தனை பேர்? கூடுதல் ஆளுக்குத் தனிக் கட்டணமா?
3. ஒவ்வொரு அறைக்கும் தனிக் கழிப்பறை உண்டா? இந்தியன் வகையா, உட்காரும் வகையா?
4. 24 மணி நேரக் கணக்கா, குறிப்பிட்ட நேரத்தில் காலி செய்ய வேண்டுமா?
5. சொன்ன வாடகையில் வரி சேர்ந்துள்ளதா?
6. லிப்ட் உண்டா? இல்லையென்றால் கீழ்த்தள அறை கிடைக்குமா?
7. சுடுதண்ணீர் எந்த நேரம் வரும்? துணி காயப்போட இடம் உண்டா?
8. வேன் நிறுத்தவும் ஓட்டுநர் படுக்கவும் இடம் உண்டா?
9. வர முடியாமல் போனால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா?
10. இவை எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்புவீர்களா?

அவசரத்துக்கு: பெண்கள் உதவி எண் 181. போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு எதற்கும் 112. நுகர்வோர் புகாருக்கு 1915.